சோடி எண்ண நாலைந்து வழி இருக்கிறது, பிள்ளைகளுக்கு எதை முதலில் கொடுப்பது?

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன். முதல் எண் 1 முதல் 12 வரை, இரண்டாவது எண்ணும் 1 முதல் 12 வரை, இரண்டையும் கூட்டினால் 5-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், அப்படி எத்தனை வரிசைச் சோடி? நாலாம் படிவத்துப் பிள்ளைகள், எல்லோரும் கெட்டிக்காரர்கள். பாதிப் பேர் ஒரே மாதிரிதான் செய்தார்கள்: மொத்தம் 12 × 12 = 144, ஐந்தில் ஒன்றுதானே வகுபடும், 144-ஐ 5-ஆல் வகுத்தால் 28.8, ஆகவே 29. விடை 28. ஒன்றுதானே பிசகு என்று யாரும் சமாதானம் ஆகிவிடக் கூடாது என்பதால் உடனே அடுத்ததைப் போட்டேன். முதல் எண் அதே 1 முதல் 12 வரை, இரண்டாவது எண் மட்டும் 3 முதல் 14 வரை. இதிலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுதான், மொத்தம் 144தான், வகுத்தால் அதே 28.8தான். ஆனால் இப்போது விடை 30.

அதாவது 29 என்பது இரண்டிலுமே தப்பு, ஒன்றில் கூடுதல், மற்றதில் குறைவு. அளவு மாறாமல் வீச்சை, அதாவது எந்த எண் முதல் எந்த எண் வரை என்பதை, இரண்டு இடம் நகர்த்தியதற்கே விடை இரண்டு நகர்ந்துவிட்டது. வகுத்துப் பார்த்து முழு எண்ணாக்குவது ஒரு வழியே இல்லை என்பதைப் பிள்ளைகள் அன்றைக்கு ஒத்துக்கொண்டார்கள். சரி, அப்படியானால் எதுதான் வழி?

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தேசிய கணித ஒலிம்பியாட்டுக்கு, இங்கே ஓஎம்கே என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரைத் தயார் செய்கிறோம். ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். நானும் இன்னொரு அண்ணனும் சேர்ந்து நடத்துகிற வகுப்பு, சோடி எண்ணும் பாடத்துக்கு ஆறு சனிக்கிழமைதான் ஒதுக்க முடியும். எல்லா வழியையும் எல்லோருக்கும் ஊட்டினால் எதுவும் தங்காது. எது முதலில், எது பிறகு, எதை விட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் கணினி ஆள். "தம்பி, பத்து வரியில் முடிகிற வேலைக்கு ஏன் பிள்ளைகளைப் போட்டு வதைக்கிறீங்க?" என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு.

முதலில் வரிசைச் சோடி என்றால் என்ன என்பதையே இந்த ஊரில் வேறு மாதிரி சொல்லலாம். பள்ளியில் மலாயில் 'பாசாங்கான் தெர்திப்' என்று படிக்கிறார்கள், அடைப்புக்குள் இரண்டு எண், நடுவில் காற்புள்ளி, அவ்வளவோடு மனதில் நின்றுவிடுகிறது. என் பாட்டி கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். அவருக்கு மூன்றாம் நிரையில் ஐந்தாவது மரமும் ஐந்தாம் நிரையில் மூன்றாவது மரமும் ஒன்றாகிவிடாது, ஒன்று பால் நன்றாக ஊறுகிற மரமாக இருக்கும், மற்றது பட்டை காய்ந்த மரமாக இருக்கும். (3, 5) வேறு, (5, 3) வேறு. இன்றைக்குப் பிள்ளைகள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள், சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைதான் கண்ணில் படுகிறது, ஆனாலும் நிரை என்ற சொல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் முதல் எண்ணை நிரை என்றும் இரண்டாவதை மரம் என்றும் சொல்லிவிடுகிறேன். 12 நிரை, நிரைக்கு 12 மரம். அவ்வளவுதான் கணக்கு.

இனி வழிகள். கட்டம் போட்டு எண்ணுவதைப் பலர் சின்னப்பிள்ளை வேலை என்று தள்ளிவிடுவார்கள், நான் தள்ளமாட்டேன். கட்டத்தாளில் 12-க்கு 12 போட்டு, கூட்டல் 5, 10, 15, 20 வருகிற இடங்களுக்கு வண்ணம் அடித்தால் அவை சாய்ந்த கோடுகளாக விழும். கோடுகளின் நீளம் 4, 9, 10, 5. கூட்டினால் 28. இப்போது மரத்தின் எண்ணை 3-லிருந்து 14-ஆக மாற்றிப் போட்டால் கோடுகள் 2, 7, 12, 7, 2 என்று விழும், கூட்டினால் 30. இதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது: கட்டத்தின் நடு மூலைவிட்டம்தான் மிக நீளமான கோடு, அதில் 12 கட்டம். முதல் கேள்வியில் அந்தக் கோட்டின் கூட்டல் 13, அது 5-ஆல் வகுபடாது, அதனால் நமக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவதில் அந்தக் கோடு 15 ஆகிவிட்டது, பன்னிரண்டும் நம் கைக்கு வந்துவிட்டது. விடை ஏன் நகர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது, எந்தச் சூத்திரமும் இதைக் கண்ணுக்குக் காட்டாது. குறை ஒன்றுதான். 12 வரை சரி, 20 வரை கூடச் சமாளிக்கலாம், 100 என்றால் பத்தாயிரம் கட்டம், பிள்ளை பென்சிலைத் தூக்கிப் போட்டுவிடும்.

அடுத்தது நிரை நிரையாக எண்ணுவது. ஒரு நிரையில் நின்றுகொள், அந்த நிரையில் எத்தனை மரம் தேறும் என்று மட்டும் கேள், எழுதிக்கொள், அடுத்த நிரைக்குப் போ. முதல் நிரையில் 4-வது, 9-வது மரம் தேறும், இரண்டு. இரண்டாம் நிரையில் 3, 8, அதுவும் இரண்டு. மூன்றாம் நிரையில் 2, 7, 12, மூன்று. நான்கில் 1, 6, 11, மூன்று. ஐந்தில் 5, 10, இரண்டு. ஆறாம் நிரையிலிருந்து அதே 2, 2, 3, 3, 2 திரும்பவும் வரும். ஐந்து நிரைக்கு 12, பத்து நிரைக்கு 24, மிச்சம் இரண்டு நிரைக்கு 4, ஆக 28. 144 கட்டத்தைப் பார்க்கவில்லை, பன்னிரண்டு முறை யோசித்தோம், உண்மையில் ஐந்து முறைதான்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நிபந்தனை எதுவாக இருந்தாலும் இது படுத்துக்கொள்வதில்லை. நிரை எண் மர எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், நிரை 20 வரை, மரம் 30 வரை என்று ஒரு கேள்வி. முதல் நிரையில் 29, அடுத்ததில் 28, இப்படியே இருபதாம் நிரையில் 10. இருபது எண்கள், சராசரி 19.5, விடை 390. பெருக்கினால் 50-ஐத் தாண்டக் கூடாது, இரண்டும் 12 வரை என்று இன்னொரு கேள்வி. முதல் நான்கு நிரையில் பன்னிரண்டும் தேறும், ஐந்தாவதிலிருந்து 10, 8, 7, 6, 5, 5, 4, 4 என்று இறங்கும், மொத்தம் 97. இங்கே பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. முதல் நிரையில் 50-ஐ 1-ஆல் வகுத்து 50 என்று எழுதிவிடுவார்கள், நிரையில் இருப்பதே பன்னிரண்டு மரம் என்பது மறந்துபோகும். வீச்சும் ஒரு நிபந்தனைதான். நிரையில் போய் நிற்கிற மாதிரி நினைக்கிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்வதில்லை, எழுத்தாகவே கணக்குப் போடுகிற பிள்ளைதான் செய்கிறது.

பூஜ்ஜியமும் குறை எண்களும் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதல் எண் −5 முதல் 5 வரை, இரண்டாவது 0 முதல் 9 வரை, பெருக்கல் 6-ஆல் வகுபட வேண்டும். −5 முதல் 5 வரை எத்தனை எண் என்று கேட்டால் பத்து என்று ஒரு கூட்டமே கத்தும். பதினொன்று. 3 முதல் 14 வரை 12 எண்கள், 14-லிருந்து 3-ஐக் கழித்து ஒன்று கூட்டு, அதைச் செய்யாமல் 11 என்று எழுதிவிட்டு மற்றதை எல்லாம் சரியாகப் போட்டு என்ன பயன். சரி, கேள்விக்கு வருவோம். முதல் எண் 0 என்றால் இரண்டாவது எதுவானாலும் சரி, 10 சோடி. 1, 5, −1, −5 என்றால் இரண்டாவது 0 அல்லது 6, தலைக்கு 2, ஆக 8. 2, 4, −2, −4 என்றால் 0, 3, 6, 9, தலைக்கு 4, ஆக 16. 3, −3 என்றால் இரட்டை எண்கள் ஐந்தும், ஆக 10. மொத்தம் 44. பூஜ்ஜியத்தை எல்லா எண்ணும் வகுக்கும் என்பதை விட்டுவிட்டால் இது பாதாளத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது வழி, மீதி வாரியாகப் பிரிப்பது. 1 முதல் 12 வரையுள்ள எண்களை 5-ஆல் வகுத்தால் மீதி 1 வருவது மூன்று, மீதி 2 வருவது மூன்று, 3, 4, 0 ஒவ்வொன்றும் இரண்டு. கூட்டல் வகுபட வேண்டுமானால் மீதிகள் 0-வும் 0-வும் சேர வேண்டும், அல்லது 1-உம் 4-உம், 2-உம் 3-உம், இப்படி. ஆகவே 2×2 + 3×2 + 3×2 + 2×3 + 2×3, அதாவது 4 + 6 + 6 + 6 + 6 = 28. இரண்டாவது எண் 3 முதல் 14 வரை என்றால் அங்கே மும்மூன்றாக இருப்பவை மீதி 3-உம் மீதி 4-உம். பெரியதும் பெரியதும் சேர்ந்துவிடுகிறது: 4 + 9 + 9 + 4 + 4 = 30. வேகம் என்றால் இதுதான் வேகம். வீச்சு 12 ஆனாலும் 12 கோடி ஆனாலும் ஐந்தே ஐந்து பெருக்கல். ஒரு வீச்சுக்குள் 5-இன் மடங்குகள் எத்தனை என்பதற்கும் ஒரு நேர்வழி இருக்கிறது, மேல் எல்லையை 5-ஆல் வகுத்த ஈவிலிருந்து, கீழ் எல்லைக்கு ஒன்று குறைந்த எண்ணை 5-ஆல் வகுத்த ஈவைக் கழிக்க வேண்டும். அந்த 'ஒன்று குறைந்த' என்பதை மட்டும் பிள்ளைகள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இது ஒரே ஒரு வகைப் பூட்டுக்கான சாவி. நிபந்தனை மீதியை மட்டும் பார்த்தால் இது திறக்கும். அளவைப் பார்க்கிற நிபந்தனையில், அதாவது சின்னது பெரியது, பெருக்கல் இத்தனைக்குள், என்று வந்தால் மீதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. போன வருடம் இதை முதலில் சொல்லிக் கொடுத்தேன், வழி அழகாக இருக்கிறதே என்ற ஆசையில். 20 நிரை, 30 மரம் கேள்வியில் ஒரு பையன் எந்த எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். தப்பு அவனுடையதல்ல, நான் கொடுத்த வரிசை அப்படி.

அதே கேள்விக்குச் சமச்சீர் பார்த்தும் போகலாம். முதலில் 20-க்கு 20 சதுரத்தை எடுத்துக்கொள், 400 கட்டம், இரண்டும் சமமாக இருக்கிற 20 கட்டத்தைத் தள்ளு, மிச்சத்தில் சரிபாதி 190. 21 முதல் 30 வரையுள்ள மரங்கள் எந்த நிரையில் இருந்தாலும் தேறும், 20 × 10 = 200. மொத்தம் அதே 390. பெருக்கல் 100-க்குள் வர வேண்டும், இரண்டும் 1-லிருந்து, மேல் எல்லை வேறு கிடையாது என்றால் நூறு நிரை போக வேண்டியதில்லை, இரண்டில் ஒன்றாவது 10-க்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதால் முதல் பத்து நிரை போதும்: 100, 50, 33, 25, 20, 16, 14, 12, 11, 10, கூட்டினால் 291. இரட்டிப்பாக்கி, இரண்டு முறை எண்ணப்பட்ட 10-க்கு 10 சதுரத்தைக் கழித்தால் 482. ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிக்லே 1849-லேயே இப்படி மடித்து எண்ணி, எல்லையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்றும் காட்டினார், அந்தக் கணிப்பில் வருகிற பிழை சரியாக எவ்வளவு என்பது இன்றுவரை முழுதாகத் தீராத கேள்வி. நாலாம் படிவத்துப் பிள்ளை கட்டத்தாளில் தொடுகிற ஒரு விஷயத்தின் மறுமுனை அங்கே போய் நிற்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதே இல்லை.

நான்காவது, கழித்து எண்ணுவது. இதற்கு எங்கள் ஊரில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. சமதரையில் நேராக நட்ட தோட்டத்தின் மூலையில், முதல் நிரைக்கும் முதல் மரத்துக்கும் ஒரு இடம் வெளியே நின்று பார்த்தால் எல்லா மரமும் தெரியாது. (1, 1) மரம் (2, 2)-ஐ மறைக்கும், (2, 3) மரம் (4, 6)-ஐ மறைக்கும். இரண்டு எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுவான வகுஎண் இல்லாத மரம்தான் கண்ணுக்குத் தெரியும். மரத்தின் தடிமனை மறந்துவிட்டு, 12-க்கு 12-இல் எத்தனை தெரியும்? நேராக எண்ணினால் நிரைக்கு நிரை ஒவ்வொரு எண்ணாகச் சோதிக்க வேண்டும், முடியும், ஆனால் கை வலிக்கும். மறைந்ததைக் கழிப்போம். இரண்டும் 2-இன் மடங்கு, 36. இரண்டும் 3-இன் மடங்கு, 16. 5-க்கு 4, 7-க்கு 1, 11-க்கு 1. ஆக 58 போய்விட்டது. ஆனால் 6-இன் மடங்குகளை 2-லும் கழித்தோம், 3-லும் கழித்தோம், அந்த 4-ஐத் திருப்பிக் கொடு. 10-க்கும் அப்படியே, 1. 144 − 58 + 5 = 91. தோட்டம் பெரிதாகப் பெரிதாக, தெரிகிற மரங்களின் பங்கு 6-ஐ பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தால் வகுத்த அளவுக்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 61-க்கு நெருங்கிக்கொண்டே போகும். செம்பனையை முக்கோண முறையில் நடுகிறார்கள், ஒன்பது மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 143 மரம் வரும், அங்கே இது மாறாதா என்று ஒரு பிள்ளை கேட்டது. மாறாது. சதுரத்தைச் சாய்த்து இழுத்த மாதிரிதான் முக்கோண நடவு, ஒரே கோட்டில் இருந்த மரங்கள் சாய்த்த பிறகும் ஒரே கோட்டில்தான் இருக்கும், எது எதை மறைக்கிறது என்பது அப்படியே நிற்கும். அந்தக் கேள்விக்காகவே அன்றைக்கு வகுப்பு கால் மணி நேரம் நீண்டது, எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கழிக்கும் வழிக்கு இன்னொரு பயனும் உண்டு. வீச்சு 1-இல் தொடங்காவிட்டால், 1-இலிருந்து எண்ணிவிட்டு வேண்டாததைக் கழிக்கலாம். 3 முதல் 14 வரை வேண்டுமா? 1 முதல் 14 வரை எண்ணினால் 34, அதில் 1, 2 மரங்களுக்கு உரியது 4, மிச்சம் 30. நிரையும் 1-இல் தொடங்காவிட்டால் இரண்டு பக்கமும் கழித்து, இரண்டு முறை கழிந்த மூலையை ஒருமுறை கூட்ட வேண்டும். கூட்ட மறப்பவர்கள்தான் அதிகம்.

கடைசியில் அண்ணனுடைய வழி. பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று, நடுவில் ஒரு நிபந்தனை. 12-க்கு 12 கண் இமைக்கிற நேரம். ஆனால் வீச்சு ஒரு லட்சம் ஒரு லட்சம் என்றால் ஆயிரம் கோடிச் சோடி, விநாடிக்கு ஒரு கோடி என்று தாராளமாக வைத்தாலும் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும். நிரை நிரையாக எண்ணத் தெரிந்த பிள்ளை உள் சுற்றையே எடுத்துவிட்டு ஒரு லட்சம் படியில் முடிக்கும், மீதி வாரியாகத் தெரிந்த பிள்ளை ஐந்து படியில் முடிக்கும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "சரி தம்பி, ஆனா விடை சரிதானான்னு பிள்ளைக்கு யார் சொல்றது? நீங்களும் நானும் வீட்டுக்கு வீடு போக முடியுமா?" என்றார். அது நியாயமான கேள்வி. போட்டியில் கணினியும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது, ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து போடுகிற பிள்ளைக்கு 28-ஆ 29-ஆ என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை இல்லை. எண் வீச்சு சின்னதாக இருக்கும்போது அது பொய் சொல்லாது.

ஆகவே இப்போதைக்கு என் முடிவு இது. முதல் சனிக்கிழமை கட்டத்தாள், 6-க்கு 6-உம் 12-க்கு 12-உம் மட்டும். அடுத்த இரண்டும் முழுக்க நிரை நிரையாக, வகுபடுவது, சின்னது பெரியது, பெருக்கல், குறை எண் எல்லாம் கலந்து. ஒரே ஒரு வழிதான் ஒரு பிள்ளைக்குத் தங்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும் என்பதால்தான் இரண்டு வாரம். நான்காவதில் மீதி, ஐந்தாவதில் கழித்தல். ஆறாவதில் எந்த வழி என்று சொல்லாமல் கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு, எழுதத் தொடங்கும் முன் நிபந்தனை மீதியைப் பார்க்கிறதா அளவைப் பார்க்கிறதா என்று வாயால் சொல்லச் சொல்வேன். சமச்சீரைத் தனிப் பாடமாக வைக்கவில்லை, நிரை நிரையாகப் போகும்போது தானாகக் கண்ணில் படுகிற பிள்ளைக்குப் படட்டும். நிரல் எழுதுவதை இரண்டாம் வாரத்திலிருந்து அண்ணன் மாலையில் அரை மணி நேரம் தனியாக எடுக்கிறார், வீட்டில் கணினி இல்லாத மூன்று பிள்ளைகளுக்கு அவருடைய பழைய மடிக்கணினி முறை வைத்துப் போகும். மீதியை மூன்றாவதிலேயே கொண்டுவரலாம் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பையன் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், அதனால் நான்காவதுதான்.